ஆயிலா, அக்ரிலிக்கா, கலர் பென்சிலா, வாட்டர்கலரா? ஒரே டம்ளரை நாலு தடவை வரைஞ்சு பாத்தேன்

எங்க வீட்ல பாட்டி பேரு வெட்டின எவர்சில்வர் டம்ளர் ஒண்ணு இருக்கு. முழுப் பேரு கிடையாது, "கோ.செ"ன்னு இனிஷியல் மட்டும், வாய்க்கு ரெண்டு விரல் கீழ புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். விசேஷ வீட்டுக்குப் பாத்திரம் போனா மாறாம திரும்பி வரணும்னு அந்தக் காலத்துல எல்லார் வீட்லயும் பண்றதுதான். அந்த டம்ளரைத்தான் மூணு வருஷத்துல நாலு தடவை வரைஞ்சேன், அதே ஜன்னலோரம், அதே மர மேஜை, கிட்டத்தட்ட அதே சைஸ், ஆனா ஒவ்வொரு தடவையும் வேற மீடியம். நிஜம் மாதிரியே இருக்கற ஸ்டில் லைஃப், அதாவது மேஜை மேல வச்ச சாமான்களை வரையணும்னு ஆசைப்படறவங்க மொதல்ல வந்து நிக்கற இடம் இதுதான், எதுல ஆரம்பிக்கறது, எதுல காசு போடறது. கடைல கேட்டா அவங்ககிட்ட இருக்கறதைச் சொல்வாங்க, வீடியோ பாத்தா அவங்கவங்க யூஸ் பண்றதைச் சொல்வாங்க. நான் நாலையும் ஒரே பொருள் மேல போட்டுப் பாத்துட்டதால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

அமெரிக்காவுல 60கள் கடைசியிலேயே போட்டோரியலிசம்னு இந்த அச்சு அசலா வரையற பாணி ஆரம்பிச்சிடுச்சு, ஹைப்பர்ரியலிசம்ங்கற பேரு 1973ல பிரஸ்ஸல்ஸ்ல இசி பிராஷோ தன்னோட கேலரியில வச்ச கண்காட்சியோட தலைப்புல இருந்து வந்துச்சு. ரால்ஃப் கோயிங்ஸ் ரோட்டோர டைனர் மேஜையில இருக்கற கெச்சப் பாட்டில், உப்பு மிளகு டப்பா இதையெல்லாம் வரைஞ்சார், நெதர்லாந்துல டியால்ஃப் ஸ்பார்னாய் ஒரு பொரிச்ச முட்டையை ரொம்பப் பெரிசாக்கி வரையறார். பொருள் எவ்ளோ சாதாரணமோ அவ்ளோ கஷ்டம், ஏன்னா பாக்கற எல்லாருக்கும் அதோட கனமும் குளிர்ச்சியும் கையிலயே இருக்கு, நம்ம கொஞ்சம் பிசகினாலும் உடனே தெரிஞ்சிடும்.

மீடியத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இதை வச்சுதான் மத்த எல்லாத்தையும் ஒப்பிடப் போறேன். டீட்டெய்ல் நிறைய போட்டா நிஜம் மாதிரி வந்துடும்னு நானும் ரொம்ப நாள் நம்பினேன், ஒவ்வொரு கீறலும் ஒவ்வொரு புள்ளியும் போட்டுட்டு தள்ளி நின்னு பாத்தா டம்ளர் தட்டையா பேப்பர்ல வெட்டி ஒட்டின மாதிரி இருக்கும். விஷயம் ஓரத்துலதான் இருக்கு. டம்ளரோட வாய் ஓரம் பிளேடு மாதிரி கூர்மையா இருக்கும், ஆனா அதே டம்ளரோட பக்கவாட்டு விளிம்பு, வெளிச்சம் படாத பக்கம், பின்னாடி இருக்கற இருட்டுல கரைஞ்சு எங்க முடியுதுன்னே தெரியாது. உள்ள தெரியற ஜன்னலோட ரிஃப்ளெக்ஷன் ஒரு பக்கம் கத்தியால வெட்டின மாதிரியும் இன்னொரு பக்கம் புகை மாதிரியும் இருக்கும். ஒரு இன்ச்சுக்குள்ள கூர்மையான ஓரமும் கரையற ஓரமும் பக்கத்துல பக்கத்துல வந்தாதான் கண்ணு அதை ஸ்டீல்னு ஒத்துக்கும். அதனால மீடியம்னு பாக்கும்போது நான் கேக்கறது ஒண்ணுதான், இந்த ரெண்டு வகை ஓரத்தையும் என் கைக்கு அது குடுக்குதா, குடுக்கறதுக்கு எவ்ளோ நேரம் கேக்குது.

இன்னொண்ணு, ஸ்டீல் சாம்பல் கலர்னு நெனச்சு கறுப்பும் வெள்ளையும் கலந்தா அலுமினியம் பெயிண்ட் அடிச்ச மாதிரி செத்துப் போயிடும். மர மேஜை மேல வச்ச டம்ளரோட கீழ்ப் பாதி பூரா பழுப்பு, ஜன்னல் பக்கம் நீலம், நான் சிவப்புச் சட்டை போட்டுட்டு உக்காந்த அன்னிக்கு நடுவுல மெல்லிசா ஒரு சிவப்புக் கோடு. அதுல டம்ளரோட சொந்தக் கலர்னு எதுவுமே இல்ல.

கலர் பென்சில்லதான் மொதல்ல வரைஞ்சேன். ஏ4 சைஸ், வழவழன்னு இருக்கற கெட்டிப் பேப்பர், டெய்லி ராத்திரி ஒரு மணி நேரம்னு ஒன்றரை மாசம் ஆச்சு. ஆரம்பிக்கறவங்களுக்கு இதைவிட நல்லது இல்லன்னு இப்பவும் சொல்வேன், ஏன்னா இது அவசரப்படுத்தாது. அப்டியே மூடி வச்சுட்டு நாளைக்கு வந்து அதே எடத்துல இருந்து தொடரலாம், காயணும்னு இல்ல, நாத்தம் இல்ல, சாப்பாட்டு மேஜையிலயே வேலை பாக்கலாம். கரையற ஓரம் இதுல அருமையா வரும், பென்சிலை அழுத்தாம எட்டு பத்து லேயர் ஏத்திட்டே போனா புகை மாதிரியே இறங்கும். கூர்மையான ஓரத்துக்குப் பென்சில் முனை எப்பவும் ஊசியா இருக்கணும், நிமிஷத்துக்கு ஒரு தடவை சீவிட்டே இருப்பீங்க.

கஷ்டம் ரெண்டு எடத்துல. ஒண்ணு, வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இருட்டு மேல வெள்ளைப் பென்சிலைப் போட்டா மங்கலா ஒரு தூசிதான் தெரியும், அதனால ஹைலைட் எல்லாம் பேப்பரோட வெள்ளைதான், மொதல்ல இருந்தே விட்டு வரணும். இங்கதான் அந்த "கோ.செ" என்னைக் காப்பாத்துச்சு. வெட்டின ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டிக் குழி, மேல் விளிம்பு இருட்டு, கீழ் விளிம்புல குண்டூசி முனை அளவுக்கு வெளிச்சம். கலர் போடறதுக்கு முன்னாடி மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால அந்த எடத்துல மட்டும் பேப்பரை அழுத்திப் பள்ளம் பண்ணிட்டேன், அப்பறம் மேல எத்தனை லேயர் ஏத்தினாலும் பென்சில் அந்தப் பள்ளத்துல இறங்காம தாண்டிப் போயிடுச்சு, வெள்ளை அப்டியே நின்னுச்சு. நாலு படத்துலயும் அந்த எழுத்து ரொம்ப உயிரா இருக்கறது பென்சில் படத்துலதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ரெண்டாவது கஷ்டம், ஆழமான இருட்டு வராது. கறுப்புப் பென்சிலை மட்டும் வச்சு அழுத்தினா சிலேட்டு மாதிரி பளபளக்கும், அடியில இண்டிகோவும் அடர் பிரவுனும் போட்டு மேல கறுப்பு போட்டா கொஞ்சம் ஆழம் வரும், ஆனா ஆயிலோட இருட்டு வராது. மெழுகு அதிகம் இருக்கற பென்சில்னா, உதாரணத்துக்கு பிரிஸ்மாகலர், சில வாரத்துல அடர்த்தியான எடத்துல வெள்ளையா ஒரு பனி படியும், மெத்துன்னு இருக்கற துணியால தொடச்சுட்டு ஃபிக்ஸேட்டிவ், அதாவது கலரைப் பிடிச்சு வைக்கற ஸ்ப்ரே அடிச்சா சரியாயிடும். ஃபேபர் காஸ்டெல் பாலிக்ரோமோஸ் எண்ணெய் சேர்த்தது, 120 கலர், அதுல இந்தப் பிரச்சனை கிட்டத்தட்ட இல்ல, முனையும் கெட்டியா நிக்கும். ஆனா மொத்த செட் வாங்கணும்னு அவசியமே இல்ல, ஒரு ஸ்டீல் டம்ளருக்கு பதினஞ்சு பென்சில் தாண்டாது, தனித்தனியா விக்கற கடைல வாங்குங்க, வாங்கும்போது பென்சில் மேல போட்டிருக்கற லைட்ஃபாஸ்ட் நட்சத்திரத்தைப் பாருங்க, வெளிச்சத்துல எவ்ளோ வெளுக்காம நிக்கும்னு அது சொல்லும், பிங்க்கும் ஊதாவும்தான் சீக்கிரம் வெளுத்துப் போற கூட்டம்.

பென்சில்ல எவ்ளோ தூரம் போகலாம்னு பாக்கணும்னா மிலான்ல இருக்கற மார்செல்லோ பரெங்கி சிப்ஸ் பாக்கெட், நசுங்கின கேன் எல்லாம் வரையறதைப் பாருங்க. ஆனா கவனமா பாத்தீங்கன்னா அவர் வெறும் பென்சில்ல நிக்கறதில்ல, அடியில மார்க்கர் இல்லனா வாட்டர்கலர் போட்டுட்டு அதுக்கு மேலதான் பென்சில். நேரம் பாதியா குறையும், இருட்டும் கிடைக்கும். இதை யாராவது எனக்கு மொதல்லயே சொல்லியிருந்தா ஒன்றரை மாசம் மூணு வாரமா ஆகியிருக்கும்.

ரெண்டாவது அக்ரிலிக். சென்னையில ஏப்ரல் மாசத்துல ஃபேன் போட்டுட்டு அக்ரிலிக் வேலை பாத்தவங்களுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு தெரியும். பிரஷ்ஷை பேலட்ல இருந்து கேன்வாஸுக்குக் கொண்டு போறதுக்குள்ள முனை கெட்டியாகும். தண்ணி ஆவியாப் போனதும் அக்ரிலிக் பிளாஸ்டிக் ஆயிடும், திரும்ப கரையாது, அதனால கூர்மையான ஓரம் எல்லாம் ஜோரா வரும், கரையற ஓரம்தான் உயிரை வாங்கும். டம்ளரோட இருட்டுப் பக்கத்தை பின்னணியோட கலக்கறதுக்கு நான் நாலு தடவை அடிச்சு அழிச்சேன், கடைசில தண்ணி மாதிரி நீர்த்த கலரை மெல்லிசா இருபது தடவை ஏத்தி ஒரு மாதிரி கொண்டுவந்தேன். ஸ்பாஞ்சை நனைச்சு அது மேல பட்டர் பேப்பர் விரிச்சு அதுக்கு மேல கலர் வச்சுக்கிட்டா பேலட்ல இருக்கறது சாயங்காலம் வரைக்கும் காயாது. காயறதைத் தாமதப்படுத்தற ரிடார்டர் கலந்தா கேன்வாஸ்லயும் கொஞ்சம் நேரம் கிடைக்கும், ஆனா அளவு தாண்டினா பிசுபிசுப்பு போகாது.

இன்னொரு தொல்லை, ஈரமா இருக்கும்போது ஒரு ஷேடு, காஞ்சதும் ஒரு படி இருட்டு. ஈரத்துல அந்தப் பசை பால் மாதிரி வெள்ளையா இருக்கறதால அப்டி, காஞ்சா கண்ணாடி மாதிரி தெளிஞ்சிடுது. ஸ்டீல் வரையறவனுக்கு இது பெரிய இம்சை, ஏன்னா அங்க எல்லாமே அரைப்படி கால்படி வித்தியாசம்தான். நான் ஒவ்வொரு கலரையும் ஒரு பேப்பர் துண்டுல தடவி ஹேர் டிரையர்ல காயவச்சுப் பாத்துட்டு அப்பறம்தான் கேன்வாஸ்ல வச்சேன்.

இதெல்லாம் சொன்னாலும் அக்ரிலிக்கை நான் தள்ளிட மாட்டேன். கனடாவுல ஜேசன் டி கிராஃப் கண்ணாடி உருண்டை, பாட்டில், உலோகம் எல்லாம் அக்ரிலிக்லதான் வரையறார், அதைப் பாத்தா மீடியத்தைக் குறை சொல்ல வாய் வராது. பொருள் எதுன்னு பாத்து எடுக்கணும். பிஸ்கட் பாக்கெட், தீப்பெட்டி, தகர டப்பா, அச்சடிச்ச எழுத்து இருக்கற எதுவா இருந்தாலும் அக்ரிலிக்தான் எடுப்பேன், நேர்க்கோடும் எழுத்தும் ஒரு லேயர் காஞ்சதும் அது மேல பயமில்லாம போடலாம், தப்பா போனா ஈரத் துணியால உடனே தொடச்சிடலாம். கலரைக் காத்தழுத்தத்துல தூவற ஏர்பிரஷ் வாங்கற வசதி இருந்தா கரையற ஓரம் பிரச்சனையே போயிடும், சக் க்ளோஸ் 1967, 68ல வரைஞ்ச அந்தப் பெரிய கறுப்பு வெள்ளை சுய உருவப்படம் ஏர்பிரஷ் வச்சு அக்ரிலிக்ல பண்ணதுதான்.

மூணாவது ஆயில், இதுலதான் எனக்கு அந்த டம்ளர் டம்ளரா வந்துச்சு.

ஆயில் கலர்ல இருக்கற லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், காத்துல இருக்கற ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு மெதுவா கெட்டியாகுது, அதான் ஆயில் காயறதுங்கறது. அதனால ஒரு ஓரத்தைப் போட்டுட்டு டீ குடிச்சுட்டு வந்து காஞ்ச பிரஷ்ஷால லேசா தடவினா அது கரையும், இன்னும் தடவினா இன்னும் கரையும், ஜாஸ்தியாயிடுச்சுன்னா மறுபடி கூராக்கலாம், அன்னிக்கு பூரா அது உங்க பேச்சைக் கேக்கும். அக்ரிலிக்ல நாலு தடவை தோத்த அந்த இருட்டுப் பக்கம் ஆயில்ல பத்து நிமிஷத்துல வந்துச்சு, நான் கொஞ்ச நேரம் பிரஷ்ஷை வச்சுட்டு சும்மா பாத்துட்டே இருந்தேன். சாம்பலுக்கு அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பரும், கூட டைட்டானியம் வெள்ளை, மூணே கலர். நீலம் ஏத்தினா ஜன்னல் பக்கம், பழுப்பு ஏத்தினா மேஜைப் பக்கம், ரெண்டும் சமமா வெள்ளை இல்லாம போட்டா கறுப்பு டியூபைவிட ஆழமான இருட்டு. போட்டது அதே ஷேடுல காயும், ஏமாத்தாது.

காயற வேகம் கலருக்குக் கலர் மாறும், அம்பர் மாதிரி மண் கலர் ஒரு ராத்திரில காஞ்சிடும், டைட்டானியம் வெள்ளை நாலஞ்சு நாள்கூட இழுக்கும். வேகமா காயறதும் எண்ணெய் கம்மியா இருக்கறதும் அடியில, எண்ணெய் ஜாஸ்தியா இருக்கறது மேல, இதை மாத்தினா பின்னாடி மேல் லேயர் வெடிக்கும். "கோ.செ" புள்ளிகளை அடி லேயர் நல்லா காய ஒரு வாரம் விட்டுட்டு மூணு முடி பிரஷ்ஷால ஒவ்வொண்ணா வச்சேன், வந்துச்சு, ஆனா பென்சில்ல வந்த மாதிரி அந்தக் குழி தெரியல, மேல ஒட்டின மாதிரிதான் இருக்கு.

வீட்டு நெலமை பாத்துதான் ஆயிலுக்குப் போகணும். கலரை நீர்க்கவும் பிரஷ்ஷைக் கழுவவும் யூஸ் பண்ற டர்பன்டைனோட நாத்தம் ஒரே ரூம் வீட்ல, குழந்தை இருக்கற வீட்ல வேண்டவே வேண்டாம். டர்பன்டைன் இல்லாமலும் வேலை பாக்கலாம், நான் இப்ப லின்சீட் ஆயில்லயே பிரஷ்ஷைக் கழுவி அப்பறம் சோப்பு போடறேன். எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில போடாதீங்க, லின்சீட் ஆயில் காயும்போது சூடாகும், குவியலா இருந்தா தானா தீப்பிடிக்கும், நனைச்சு இல்லனா விரிச்சுக் காயவச்சுதான் தூக்கிப் போடணும். ஐப்பசி, கார்த்திகை மழையில சுவத்தோட ஒட்டி வச்ச என்னோட ஒரு கேன்வாஸ்ல பின்பக்கம் பூஞ்சை பிடிச்சது, அதுல இருந்து ரெண்டு இன்ச் இடைவெளி விட்டுத்தான் சாய்ச்சு வைக்கறேன். இருட்டு பீரோக்குள்ளயும் வைக்காதீங்க, வெளிச்சம் படாத லின்சீட் மஞ்சளாகும்.

உலோகம் வரையறவங்க ஆயில்ல பாக்க வேண்டியது 17ம் நூற்றாண்டு ஹார்லெம்ல இருந்த வில்லெம் கிளாஸ் ஹேடாவோட படங்களை. பாதி சாப்பிட்ட மேஜை, சாய்ஞ்ச வெள்ளிக் கிண்ணம், பியூட்டர்ங்கற வெள்ளீயக் கலவைத் தட்டு, பூரா சாம்பல்லயும் பழுப்புலயுமே இருக்கும். கண்ணாடிக் கோப்பைக்குள்ள ஜன்னல் தெரியும். கேமரா இல்லாத காலம். அந்தத் தட்டோட விளிம்பு மட்டும் பெரிசாக்கிப் பாத்தா கூர்மை எங்க, கரையறது எங்கன்னு பாடமே எடுத்த மாதிரி இருக்கும்.

வாட்டர்கலரைப் பத்தி அதிகம் சொல்ல எனக்கு இல்ல. ரால்ஃப் கோயிங்ஸ் அதே டைனர் சாமான்களை வாட்டர்கலர்லயும் வரைஞ்சிருக்கார், அப்டி ஒரு அடக்கம் இருக்கற கை இருந்தா முடியும். என் படத்துல ஹைலைட்டுக்காக மாஸ்கிங் ஃப்ளூயிட், அதாவது கலர் படாம பேப்பரை மூடி வச்சு அப்பறம் உரிக்கற ரப்பர் திரவம், போட்டுட்டு மூணு நாள் விட்டுட்டேன், அந்த வெயில்ல அது பேப்பரோட ஒண்ணாயிடுச்சு, உரிக்கும்போது டம்ளரோட வாய் ஓரம் மேல்தோலோட கிழிஞ்சு வந்துச்சு. போட்ட அன்னிக்கே உரிச்சிடணும். ரிஃப்ளெக்ஷன்ல இருக்கற நீலம் மட்டும் மத்த மூணு படத்துலயும் இல்லாத தெளிவு, பேப்பரோட வெளிச்சம் உள்ள இருந்து வர்றதால. ஆனா மொதல் படத்துக்கு இதை எடுக்காதீங்க.

அஞ்சாவதா ஒரு வழி இருக்கு, நான் இப்ப பண்றது அதுதான், அடியில அக்ரிலிக், மேல ஆயில். ரிச்சர்ட் எஸ்டெஸ் அப்டித்தான் கடைக் கண்ணாடிகளை வரைஞ்சார். ஆட்ரி ஃப்ளாக் 1977ல வரைஞ்ச மர்லின் வானிடாஸ்ங்கற எட்டடிக்கு எட்டடி படம், பழம், மெழுகுவத்தி, லிப்ஸ்டிக், கண்ணாடின்னு மேஜைச் சாமான்லயே ஒரு உயிரோட கதையைச் சொன்ன படம், அதுவும் அக்ரிலிக் மேல ஆயில்தான். டிராயிங்கும் பெரிய ஷேடுகளும் அக்ரிலிக்ல ஒரே நாள்ல காஞ்சு நிக்கும், ஓரம் மட்டும் ஆயில்ல நிதானமா. தலைகீழா மட்டும் பண்ணிடாதீங்க, ஆயில் மேல அக்ரிலிக் பிடிக்காது, உரிஞ்சு வரும்.

இந்த மீடியம் முடிவோட ஒட்டிக்கிட்டே இன்னொரு முடிவும் வரும், போட்டோ பாத்தா, பொருளை எதிர்ல வச்சா. சிலி நாட்டுல பொறந்து மொராக்கோவுல வாழ்ந்த கிளாடியோ பிராவோ பேப்பர்ல சுத்திக் கயிறு கட்டின பார்சலை அப்டி வரைஞ்சவர், போட்டோ இல்லாம நேர்ல பாத்தே வேலை செஞ்சவர். எனக்கும் அதுதான் ஆசை, ஆனா ஜன்னல் வெளிச்சம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரே மாதிரி நிக்காது. ஆயில்னா டெய்லி காலைல அதே ரெண்டு மணி நேரம்னு பத்துப் பன்னெண்டு நாள்ல முடிக்கலாம். ராத்திரி ஒரு மணி நேரம்னு பென்சில்ல ஒன்றரை மாசம் இழுக்கறவங்களுக்கு போட்டோ இல்லாம வழியே இல்ல. போட்டோ எடுக்கும்போது மொபைலை டம்ளர் பக்கத்துல கொண்டு போகாதீங்க, வாய் பெருத்து அடி சிறுத்துப் போகும், ஆறடி தள்ளி நின்னு ஜூம் பண்ணுங்க. மொபைல் ஹைலைட்டை எல்லாம் வெறும் வெள்ளையாவும் நெழலை வெறும் கறுப்பாவும் அடைச்சிடும், அதனால டிராயிங்குக்கு போட்டோ, கலருக்கு பக்கத்துல நெஜ டம்ளர்னு நான் ரெண்டையும் வச்சுக்கறேன். டம்ளரோட வாயும் அடியும் நீள்வட்டம், மேல இருந்து பாக்கும்போது அடி வட்டம் வாயைவிட கொஞ்சம் உருண்டையா இருக்கும். இது தப்பினா எந்த மீடியமும் காப்பாத்தாது.

என்கிட்ட நேர்ல கேக்கறவங்களுக்கு நான் சொல்றது இப்டி. வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரிதான் நேரம்னா, தனி ரூம் இல்லன்னா, பென்சில், ஏ4, ஒரே ஒரு பொருள், அடியில வாட்டர்கலர் போட்டுக்கோங்க. பாக்கெட், டப்பா, அச்செழுத்து மேல பிரியம்னா அக்ரிலிக். ஸ்டீல், பித்தளை, கண்ணாடி, தண்ணி, இதுல எதையாவது வருஷக்கணக்கா வரையப் போறோம்னு மனசுல உறுதியா இருந்தா, ஜன்னல் இருக்கற ஒரு மூலையும் கிடைச்சா, நேரா ஆயில், சின்ன டியூபா மூணு கலர், நல்ல பிரஷ் ரெண்டு, பழைய டம்ளர் ஒண்ணு. விக்கறதுக்கு வரையறவங்க ஒண்ணு கணக்குல வச்சுக்கணும், பென்சில் படத்துக்குக் கண்ணாடி ஃபிரேம் கட்டாயம், அந்தச் செலவு உங்களோடது, ஆயில் படத்துக்குக் கண்ணாடி வேண்டாம் ஆனா வார்னிஷ் அடிக்க ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் காத்திருக்கணும்.

நாலு படத்தையும் இப்ப ஹால்ல வரிசையா மாட்டியிருக்கேன். எங்கம்மா ஆயில் படத்தைப் பாத்து டம்ளர் நல்லா இருக்குன்னாங்க, பென்சில் படத்துகிட்ட போய் "கோ.செ" மேல விரல் வச்சுத் தடவிப் பாத்தாங்க. அடுத்தது பாட்டியோட பித்தளை சொம்பு, அதுலயும் பேரு வெட்டியிருக்கு, அக்ரிலிக் அடி லேயர் நேத்து காஞ்சிடுச்சு, எழுத்துக்கு மட்டும் என்ன பண்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல, ஈரமான ஆயில்ல ஊசியால கீறி அடியில இருக்கற வெளிச்சக் கலரை வெளிய கொண்டுவர முடியுமான்னு ஒரு துண்டு கேன்வாஸ்ல பாத்துட்டு இருக்கேன்.